பொங்கல் பானையில் ஒரு ஹாம் எலும்பு

அடுப்பில் ஹாம் எலும்பு, புகைபோட்ட பன்றித்தொடை எலும்பு, கொதிக்கத் தொடங்கி ஒரு மணி நேரமாகிறது. வெங்காயம், நாலு பல் உள்ளி, இரண்டு செத்தல் மிளகாய், வேறொன்றும் இல்லை. ஊறிய கௌபிப் பயற்றை இன்னும் போடவில்லை. எலும்பில் உள்ள உப்பும் புகைமணமும் முதலில் தண்ணீரில் இறங்கவேண்டும், அவசரப்பட்டால் பயறு சப்பென்று போய்விடும் என்பீர். வெளியே ஜனவரிப் புத்தாண்டு வெயில் இப்போதே முதுகை உரிக்கிறது. மெல்பேர்னின் இந்தக் கிளென் வேவர்லியில் புத்தியுள்ளவர்கள் எவரும் இன்றைக்கு அடுப்பை மூட்டமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, என் மகள் யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகிறாள்.

வருடாவருடம் இந்த மணம் எழும்பும்போது உம்மை நினைப்பேன். கௌபி அவிந்ததும் சாப்பிட்டுவிட்டு, சட்டியைக் கழுவிவைத்து, நினைப்பையும் அதோடு மூடிவைத்துவிடுவேன். இந்த வருடம் அது நடக்கவில்லை. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்து இரண்டு நாள் கழித்து உம்முடைய தங்கையிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. அதற்குள், ஐம்பது வருடத்துக்கு முன் நான் குப்பை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன என் பொங்கல் பானை இருந்தது. நீர் போய்விட்டீர் என்ற செய்தியும் அதற்குள்தான் இருந்தது. உம்மிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருந்தவள் நான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்கு இது வேண்டும்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒத்த வயதுச் சிநேகிதிகள் ஒருவரையொருவர் 'நீர்' என்போம். உம்மோடு பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் மனதுக்குள் நீர் எப்போதும் 'நீர்' ஆகத்தான் இருந்தீர். உமக்குத் தமிழ் தெரியாது என்பதும் எனக்கு ஒருவகையில் வசதி. இங்கிலீஷில் எழுதியிருந்தால் ஆஸ்பத்திரி அறிக்கை மாதிரி நல்ல பிள்ளையாய் எழுதி, வேண்டாததை எல்லாம் சொல்லி, வேண்டியதை விட்டிருப்பேன். அப்படி எழுதிக் கிழித்த கடிதங்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

எழுபத்து நாலாம் ஆண்டு குளிர்காலத்தில் பிரன்ஸ்விக்கில் ஒரு கிரேக்கரின் பலசரக்குக் கடையில் உம்மை முதலில் கண்டேன். நல்ல உயரமான கறுப்பினப் பெண் ஒருத்தி, சாக்கு ஒன்றுக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள். நான் தாதி. யாராவது கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நாடி பிடித்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றும். சுகமில்லையா என்று கேட்கப் பக்கத்தில் வந்தபோதுதான் சாக்குக்குள் இருப்பது கௌபி என்று கண்டேன். மெல்பேர்ன் வந்து எட்டு மாதம் நான் தேடாத கடையில்லை. எட்டு மாதமாக எல்லாரும் எனக்குத் தகரத்தில் அடைத்த, சிவப்புச் சாறு ஊற்றிய வேறு ஏதோ ஒரு பயற்றைத்தான் காட்டினார்கள். நானும் கையை விட்டேன். இரண்டு வளர்ந்த பெண்கள் ஒரே சாக்குக்குள் கையை வைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துக் கிரேக்கர் தலையை ஆட்டினார்.

நீர் ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்திருந்தீர். இங்கே ஆசிரியர்கள் போதாதென்று அமெரிக்காவிலிருந்து அழைத்துக்கொண்டிருந்த காலம். உம்மோடு வீடெடுத்திருந்த பெண் கல்யாணம் கட்டிப் போய்விட்டதால் ஓர் அறை வெறுமையாய் இருந்தது. எனக்கோ வாடகைக்கு அறை பார்க்கப் போன இடமெல்லாம், தொலைபேசியில் இருந்த அறை நேரில் போனதும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூன்று கிழமையில் என் பெட்டியும் படுக்கையும் உம்முடைய வீட்டுக்கு வந்துவிட்டன. கூடவே அம்மா தந்த பானையும் வந்தது. தடித்த அலுமினியப் பானை, விளிம்பில் ஒரு நெளிவு. அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, குசினி அலுமாரிக்கு மேலே வைத்தேன். தையில் பொங்கும்போது மட்டும் கீழே இறக்கும் பானை. விமானம் ஏறும் அன்று அம்மா எனக்குச் சொன்ன புத்திமதி இரண்டே இரண்டு. ஒன்று, குளிருக்குக் காலுறை போடு. மற்றது, "உதுக்குள்ள மச்சம் வைச்சிடாதை பிள்ளை." மச்சம் என்றால் மீனும் இறைச்சியும் எல்லாம்தான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்பதை முதல் கிழமையே உமக்குச் சொன்னேன். நீர் காரணம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளையெல்லாம் பச்சைப் பென்சிலால் வட்டம் போட்டுச் சுவரில் மாட்டினீர். அன்றைக்கு நீரும் மரக்கறிதான். கௌபியை அவித்து, பெட்டியில் வரும் உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீர் தெளித்து உயிர்ப்பித்து, உப்புப் போட்டுப் பிரட்டித் தருவேன். நீர் அதற்குமேல் காரமான சோஸை ஊற்றிக் கெடுத்துச் சாப்பிடுவீர். கெடுத்தீர் என்று நான் சொல்ல, திருத்தினேன் என்று நீர் சொல்ல, இந்த வழக்கு ஒருநாளும் தீரவில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் உம்முடைய அம்மாவைப் பற்றிச் சொன்னீர். வெள்ளைக்காரர் வீடொன்றில் இருபது வருடம் சமையல் வேலை. அவ பிசைந்த மாவை, அவ உப்புப் பார்த்த குழம்பை அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். அவ சாப்பிடும் கோப்பையும் தண்ணீர் குடிக்கும் குவளையும் மட்டும் கழுவுதொட்டிக்குக் கீழே, தனியாக. ஒருநாள் மறந்துபோய் வீட்டுக்காரியின் குவளையில் தண்ணீர் குடித்துவிட்டா. வீட்டுக்காரி சத்தம் போடவில்லையாம். குவளையை எடுத்துக் குப்பைக்குள் போட்டாளாம், அவ்வளவுதான். நீர் இதைக் கோபமில்லாமல் சொன்னீர். நான் 'ச்சீ, என்ன மனிசர்' என்றேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில், வளவு வேலைக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கவென்று ஆணியில் தனியாகத் தொங்கிய தகரப் பேணியைப் பற்றி நான் மூச்சும் விடவில்லை. அது அந்த நேரம் ஞாபகம் வந்தது. வந்தும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்ததிலிருந்து உமக்கு ஒரே கவலை ஹாம் எலும்பு. வருடத்தின் முதல் நாள் மத்தியானம் கௌபியும் ஹாமும் ஒரு வாயாவது சாப்பிடாவிட்டால் அந்த வருடம் உருப்படாது. பல் முளைத்த நாளிலிருந்து ஒரு வருடமும் தவறவில்லை என்றீர். அமெரிக்க ஆசிரியர்கள் ஆறுபேரை விருந்துக்கு அழைத்தும் விட்டீர். நான் பொறுப்பெடுத்தேன். ஆஸ்பத்திரி நத்தார் விருந்தில் முதல்தடவை ஹாம் சாப்பிட்டு, அது எனக்குப் பிடித்தும் போயிருந்தது. உம்மிடம் வந்து பெருமையாகச் சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரிக் குசினிப் பெரியவரைக் கெஞ்சி, சதை நிறைய ஒட்டியிருந்த எலும்பொன்றை வாங்கி, பத்திரிகைத்தாளில் சுற்றி டிராமில் கொண்டுவந்தேன். வெக்கையில் கொழுப்பு இறங்கித் தாள் ஊறி, பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொட்டலத்தை நீர் குழந்தையைத் தூக்குவதுபோல் வாங்கினீர். அதனால் அந்த எலும்பு நம் குசினிக்குள் வந்த பழி என்னுடையது. இதை நான் பிறகு வசதியாக மறந்தேன்.

எழுபத்தைந்து பிறந்த அன்று புதன்கிழமை. இரவு வேலை முடிந்து காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே மணம் வந்தது. நல்ல மணம், உண்மையைச் சொன்னால் எனக்குப் பசி எடுத்தது. குசினிக்குள் நுழைந்தால், நீர் தலையில் துணி கட்டிக்கொண்டு, வேர்த்து வழிய, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு கிளறுகிறீர். கொதிப்பது அம்மாவின் பானை. சேலைத் துண்டு மடித்துக் கதிரையில் வைத்திருக்கிறது. பானைக்குள்ளிருந்து எலும்பின் முனை எட்டிப் பார்க்கிறது.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. எட்டுப் பேருக்குச் சமைக்க வீட்டில் வேறு பெரிய பாத்திரம் இல்லை. உம்முடைய ஊரில் நல்ல சட்டியைத் துணியில் சுற்றி உயரத்தில் வைப்பார்கள், புத்தாண்டுக்கு எடுப்பார்கள். நீர் நாட்காட்டியையும் பார்த்திருக்கிறீர். புதன்கிழமை, பச்சை வட்டம் இல்லை. நான் உமக்கு நாளுக்குரிய விதியைத்தான் சொல்லியிருந்தேன். பானைக்கும் ஒரு விதி இருக்கிறதென்று சொல்லவேயில்லை. எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்பது பால்குடி மறக்கும்போதே தெரியும்.

அதுவும் போகட்டும். மண்பானை என்றால்தான் உடைக்கவேண்டும். இது அலுமினியம். சாம்பல் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் தீர்ந்துபோகும் காரியம். அம்மா அங்கே நின்றிருந்தால் இரண்டு பேச்சுப் பேசிவிட்டு அதைத்தான் செய்திருப்பா. நான் அதைச் செய்யவில்லை. நீர் அகப்பையைத் திருப்பி, உப்புப் பாரும் என்று நீட்டினீர். நான் பின்னுக்குப் போய்ச் சொன்னேன்:

"நீர் தொட்டிட்டீர். இனி இது எனக்கு உதவாது."

ஹாமைத்தான் சொன்னேன், இரவு முழுக்க நின்ற களைப்பு, வாய் தடுமாறிவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வசனம் எனக்குப் புதிதல்ல. கிணற்றடிப் பேணியை யாரோ மாறி எடுத்துவிட்ட ஒருநாள் எங்கள் வீட்டில் அதைக் கேட்டிருக்கிறேன். கேட்டது உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. உம்மைப் பார்த்ததும் வெளியே வந்தது.

நீர் அடுப்பை நிறுத்தினீர். அகப்பையைத் தட்டில் வைத்தீர். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், சொன்னீர்:

"என்ர அம்மாவுக்கும் இதைத்தான் செய்தவை."

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டியவள் நான். மாறாக, வெட்கம் வந்தால் கோபம் வருகிற பிறவியல்லவா, பானையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். கை சுட்டது. விடவில்லை. தேசிமரத்தடியில் முழுவதையும் கொட்டினேன். வெறும் பானையைக் குப்பை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

மத்தியானம் உம்முடைய விருந்தாளிகள் வந்தார்கள். கதவுக்கு இந்தப்புறம் படுத்துக்கொண்டு எல்லாம் கேட்டேன். கௌபி எங்கே என்று யாரோ கேட்டார். அடிப்பிடித்துப் போயிற்று, என் கவனயீனம் என்றீர். தேசிமரத்தடியில் மக்பை பறவைகள் கூடிக் கௌபியைக் கொத்திக்கொண்டிருந்தன. குசினி யன்னலால் பார்த்தால் தெரியும். வெயில் அடிக்கிறது என்று சொல்லி நீர் திரைச்சீலையை இழுத்து மூடும் சத்தமும் கேட்டது. சோளரொட்டியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு அவர்கள் போனார்கள். பல் முளைத்த நாளிலிருந்து தவறாதது அன்று தவறியது. என்னை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை நீர்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாம் மிகவும் மரியாதையாக இருந்தோம். தேத்தண்ணி வேண்டுமா, வேண்டாம் நன்றி, மழை வரும்போல இருக்கிறது. தைப்பொங்கலுக்கு ஒரு சின்னச் சோஸ்பானில் பொங்கினேன். பானையோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மா எழுதியிருந்தா. படம் சரியாக வரவில்லை என்று பதில் போட்டேன். பள்ளிக்கூடம் தொடங்குமுன் நீர் சிட்னிக்கு மாற்றம் வாங்கிப் போய்விட்டீர். பானையும் வாளிக்குப் பக்கத்தில் இல்லை. குப்பைவண்டி எடுத்துப்போனது என்று நினைத்தேன். அந்த வருடத்துக்கு நீர் மாட்டிய புது நாட்காட்டியைச் சுவரில் விட்டுவிட்டுப் போயிருந்தீர். மார்கழிவரை வெள்ளிக்கிழமைகளுக்குப் பச்சை வட்டம் போட்டிருந்தது.

அடுத்த புத்தாண்டிலிருந்து நான் கௌபியும் ஹாமும் சமைக்கத் தொடங்கினேன், ஓர் எவர்சில்வர் சட்டியில். முதல்தரம் கூழாய்ப் போயிற்று. இரண்டாம் தரம் ஹாமில் இருக்கும் உப்பை மறந்து நானும் உப்பைப் போட்டேன். கல்யாணம் கட்டிய பிறகு, பன்றி என்றால் வீட்டைவிட்டே ஓடுகிற என் மனிசன் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் முற்றத்தில் போய் நிற்கப் பழகிக்கொண்டார். எதற்காகச் சமைக்கிறாய் என்று அவர் கேட்டபோது, இது ஒரு சிநேகிதியின் நேர்த்தி என்று சொன்னேன். நேர்த்திக்கடன் என்றால் எங்கள் மனிசர் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

எழுபத்தெட்டில் தாதிகளுக்கான ஒரு வகுப்புக்காகச் சிட்னிக்கு வந்தபோது உமக்கு எழுதினேன். சென்ட்ரல் ஸ்டேஷன் தேநீர்க்கடைக்கு வந்தீர். தலைமுடியை வெட்டியிருந்தீர், கொஞ்சம் மெலிந்திருந்தீர். சொல்லவேண்டியதை ரயிலில் வரும்போது முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். உம்மைக் கண்டதும் கோப்பிக்குச் சொல்ல எழும்பிப் போனேன். வெயிலைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசினோம். என் ரயிலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நீர் கோப்பியைத் தள்ளிவைத்துவிட்டு, "அந்தப் பானைக்கு என்ன விதி எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லும்" என்றீர். எனக்கு முகம் எரிந்தது. இப்போதுதான் கணக்குத் தீர்க்கிறீர் என்று நினைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னேன்: மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் ஆகாது. மச்சச் சட்டிக்குள் போன அகப்பை இதற்குள் போகக்கூடாது. கழுவினால் கவிழ்த்துவைக்க வேண்டும், பிறகு துணியில் சுற்றிவைக்க வேண்டும். நீர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினீர். ரயில் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அதுதான் உம்மைக் கடைசியாகக் கண்டது. அடுத்த வருடம் ஜோர்ஜியாவுக்குத் திரும்பிப் போனீர். நத்தாருக்கு நத்தார் வாழ்த்தட்டை. என் பிள்ளைகள், உம்முடைய தங்கையின் பிள்ளைகள், என் முழங்கால், உம்முடைய இரத்த அழுத்தம். அட்டை சின்னது, அதற்குள் அந்த விஷயத்துக்கு இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம்.

இந்த முறை அட்டை வரவில்லை. பெட்டிதான் வந்தது. விளிம்பு நெளிவைக் கண்டதும் பானையை அடையாளம் கண்டுகொண்டேன். சுற்றியிருந்தது வேறு துணி, சின்னப் பூப்போட்டது, தோய்த்து அழுத்தியது. உம்முடைய தங்கை ஒரு தாளில் எழுதியிருந்தாள். அக்கா ஐப்பசியில் நித்திரையிலேயே போய்விட்டாள். இந்தப் பானையை உங்களுக்கு அனுப்பச் சொல்லிப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பயறும் சோறும் கீரையும் தவிர இதில் ஒன்றும் சமைத்ததில்லை. நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு வீடு நிறைய ஆட்கள் வந்து, பாத்திரம் போதாமல் நாங்கள் கெஞ்சினாலும் இறைச்சி வைக்க விடமாட்டாள். ஏனென்று கேட்டால், 'இது என்ர பானை இல்லை, நான் பார்த்து வைச்சிருக்கிறன்' என்பாள்.

கதிரையில் இருந்துகொண்டு அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தேநீர்க்கடையில் நீர் கேட்டது என்னைக் குத்துவதற்கு அல்ல. குப்பையிலிருந்து எடுத்துக் கழுவி மூன்று வருடம் வைத்திருந்த பானையை எப்படி வைத்திருக்கவேண்டும் என்று அறியத்தான் கேட்டிருக்கிறீர். ஒரு வார்த்தை அன்று நான் பேசியிருந்தால், பானை என்னிடம்தான் என்று நீரும் சொல்லியிருப்பீர். நான் பேசட்டும் என்று காத்திருந்தீரோ என்னவோ. இருபது நிமிடம் இருந்தது. எனக்கு அது ஆறவேயில்லை. உம்மோடு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரேயொரு வெள்ளிக்கிழமை, அந்தக் குசினியில் இருந்து கௌபி சாப்பிட வேண்டும்போல இருக்கிறது. எவ்வளவு சோஸ் வேண்டுமானாலும் ஊற்றும், ஒன்றும் சொல்லமாட்டேன்.

இடையில் எழும்பிப்போய்க் கௌபியைப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எவர்சில்வர் சட்டியில் உம்முடைய கௌபி ஹாமோடு வெந்துவிட்டது. உப்பு இந்த முறை சரி. எங்களில் ஒருவர் போனால் அவருக்குப் பிடித்ததைப் படைப்போம்; அதனால் ஒரு கோப்பையில் போட்டு, காரச் சோஸ் போத்தலையும் திறந்து மேசையில் வைத்திருக்கிறேன்.

ஹாமோடு சேர்க்காமல் ஒதுக்கிவைத்த மிச்ச ஊறின கௌபியைத் தேங்காய்ப்பூவோடு, உப்புப் போட்டு, வெள்ளிக்கிழமைகளில் செய்கிறமாதிரிச் செய்ய நினைத்துப் பானையை எடுத்தேன். உம்முடைய பூப்போட்ட துணியை அவிழ்த்து மடித்துக் கதிரையில் வைத்தேன். சாம்பல் போடவில்லை, மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை. குழாயடிக்கும் கொண்டுபோகவில்லை. நேரே அடுப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வோஷ் பண்ணேல்லையோ? ஆர் ஆர் தொட்டதோ தெரியாது."

"தெரியும்," என்றேன். "கழுவித்தான் தந்தவ."